கழுவாத இரும்பு

ஒரு இரசாயனவியல்காரனும் ஒரு கொம்பியூட்டர்காரியும் ஒரு போர் வரலாற்றுக்காரரும் ஒரே மேசையில் இருந்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால், அது அநேகமாக வடை நன்றாக இருக்கிறது என்ற விஷயமாகத்தான் இருக்கும். வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சைவக்கடையின் பின்மேசையில் நடந்ததும் அதுதான். வடையில் ஒத்துப்போன சூட்டோடு ஆராய்ச்சியிலும் ஒத்துப்போய்விட்டார்கள்.

ஜீவராஜ் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் விரிவுரையாளன். ஐம்பது கிட்டுகிறது. ஆராய்ச்சி மும்முரத்தில் கல்யாணம் செய்ய மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்வான். அவனுடைய அக்கா மங்களேஸ்வரி அதற்கு வேறு காரணங்கள் வைத்திருந்தாள், அவற்றில் ஒன்றும் அவனுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. ஷிம்னா இயந்திரக் கற்றல் படித்தவள், அதே பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்து சேர்ந்தவள், கடையிலிருந்து இரண்டு லேன் தள்ளி உம்மா வாப்பாவோடு இருந்தாள். சத்தியநாராயணன் புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாகப் புடவை விற்ற குடும்பத்தில் பிறந்து, புடவையை விட்டுப் பீரங்கியைப் பிடித்துக்கொண்டவர். இராணுவ வரலாற்றில் அவருக்குத் தெரியாத குண்டு கிடையாது. தீபாவளிக்குச் சீனவெடி கொளுத்தினால் மட்டும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஆராய்ச்சி, சொல்லக் கேட்டால் எளிமையானது. ஷெல் வெடித்தால் இரும்பு துண்டு துண்டாகச் சிதறும். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் உருக்கில் மங்கனீசையும் குரோமியத்தையும் வேறு வேறு அளவில் கலக்கும். துண்டின்மேல் ஒரு எக்ஸ்-கதிர்க் கருவியைப் பிடித்தால், எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று அது எண்களாகச் சொல்லும். அந்த எண்களை ஷிம்னாவின் மொடலுக்குத் தீனியாகப் போட்டால், அது தின்று தின்று பழகி, பிறகு முன்பின் தெரியாத ஒரு துண்டைக் காட்டினாலும் இது அரசாங்க ஆமியின் ஷெல், இது போராளி இயக்கத்தின் ஷெல் என்று சொல்லிவிடும்.

அந்தக் கருவி பார்வைக்குத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். ஒருமுறை பஸ்ஸில் கொண்டுபோகையில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, "மே மொகக்த?", இது என்ன, என்று கேட்ட பொலிஸ்காரருக்கு, ஜீவராஜ் தன் அரைகுறைச் சிங்களத்தில் மூலக அட்டவணையை விளக்க முயன்றான். ஹைட்ரஜனில் தொடங்கி ஹீலியத்துக்கு வருவதற்குள் அவர் களைத்துப்போய், போகச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் ஜீவராஜ் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தானே தவிர, தான் ஏன் இதற்குள் விழுந்தான் என்பதை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் எழுதவில்லை. அந்தக் காரணம் கொட்டாஞ்சேனையில், ஒரு மேல்மாடி வாடகை வீட்டில், சாமித்தட்டில் இருந்தது. பெருவிரல் நகமளவு இரும்புத்துண்டு. கஜீபனின் நெஞ்சிலிருந்து எடுத்தது.

கஜீபன் அக்காவின் ஒரே மகன். வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில், பள்ளிக்கூடக் கட்டடமொன்றுக்குள் தஞ்சமிருந்தபோது ஷெல் விழுந்து செத்தான். ஊர்ச்சனம் முதல்நாளே மூட்டையைக் கட்டி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. இவர்களை நிற்கச் சொன்னது அத்தான் தயாபரன். தபாலதிபராக இருந்தவர், அறிவித்தல் என்றால் நம்புகிறவர். இந்த இடத்துக்கு அடிக்கமாட்டோம் என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள், இருப்போம் என்றார். இருந்தார்கள்.

அக்காவைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான். ஆமி அடித்தது, ஆமி சொன்னதை நம்பியவர் தன் புருஷன். அத்தானோ, சத்தம் பின்பக்கத்தால், இயக்கம் இருந்த கடலேரிப் பக்கமாக வந்தது என்பார். அது இயக்கம் அடித்துக் குறி தப்பி விழுந்த ஷெல். அதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. எந்த இடத்துக்கு ஓடியிருந்தாலும் விழுந்திருக்கும். இருவரும் இதை ஒருமுறைதான் வாய்விட்டுச் சண்டை பிடித்தார்கள், முகாமில், கூடாரத்துக்குள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் சாதாரணமாகக் கோபித்துக்கொண்ட பேச்சின்மை இல்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலில், ஒரே குளியலறையில் பேச்சில்லை. அக்கா சோறு போட்டு மூடிவைத்துவிட்டு உள்ளே போவாள். அத்தான் வந்து சாப்பிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவராஜ் போனால் இருவரும் அவனைத் தபாற்பெட்டியாக்கிக்கொள்வார்கள். உன்ர அத்தானுக்குச் சொல்லு, பிறஷருக்குப் போடுற குளிசை முடியுதாம். உன்ர அக்காட்டக் கேள், காஸ் காரன் வந்தவனோ எண்டு. இருவருக்கும் நடுவில் ஒரு பாய் அகலம்கூட இருக்காது. ஓய்வுபெற்ற தபாலதிபர் வீட்டில் தானே கடைசித் தபாற்காரன் என்று ஜீவராஜ் பகிடி விடுவான். இரண்டு பேரும் சிரிப்பார்கள், தனித்தனியாக, வேறு வேறு சுவரைப் பார்த்து.

அந்தத் துண்டு யாருடையது என்று ஒரு நாள் தெரிந்துவிட்டால் இந்த வீடு ஏதோ ஒரு பக்கமாக முடிவுக்கு வரும் என்று அவன் நம்பினான். படித்தவனுக்கு வரக்கூடிய நம்பிக்கைதான்.

மொடலைப் பழக்க, யாருடையது என்று முன்பே நிச்சயமாகத் தெரிந்த துண்டுகள் வேண்டும். இயக்கம் தானே செய்த ஷெல்களின் துண்டுகள் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் கிடைத்தன. எண்ணெய் பூசி, பொலித்தீன் பைகளில் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஆமியின் துண்டுகள் வீடுகளில் இருந்தன. வன்னியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிய சனத்திடம். அவற்றில், எந்தத் திசையிலிருந்து எந்தப் பீரங்கி அடித்தது என்று சத்தியநாராயணன் அடித்துச் சொல்லக்கூடிய சம்பவங்களை மட்டும் பொறுக்கினார்கள்.

வீடு வீடாகப் போனான் ஜீவராஜ். எல்லா வீட்டிலும் துண்டு இருந்த இடம் ஒன்றுதான். செத்தவரின் படத்துக்குக் கீழே, சாமித்தட்டில். காலையும் மாலையும் சாமிக்கு வைக்கிற திருநீற்றில் ஒரு சிட்டிகை அதற்கும் விழும். வெள்ளிக்கிழமைகளில் சந்தனமும் விழும். எல்லா வீட்டிலும் ஒரே நிபந்தனை போட்டார்கள்: கழுவக்கூடாது. பிள்ளையின் இரத்தம் பட்ட இரும்பு, பூசையில் இருக்கிற பொருள், அந்நியர் கையால் தண்ணீர் படக்கூடாது.

ஜீவராஜ் தாராளமாக ஒத்துக்கொண்டான். கழுவினால் சனம் தராது, அறுத்து உள்ளே பார்க்கப் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு விடாது. மேலாகக் கருவியைப் பிடித்து அளந்துகொண்டு திருப்பிக் கொடுத்தான். 'மாதிரிகளுக்கு எவ்விதச் சேதமும் விளைவிக்காத முறை' என்று கட்டுரையில் எழுதிய வசனத்தை அவனே இரண்டுதரம் வாசித்து மெச்சிக்கொண்டான்.

மொடல் பழகி முடிந்த அன்று ஷிம்னா சைவக்கடைக்கு மடிக்கணினியோடு வந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. சத்தியநாராயணன் எல்லாருக்கும் கேசரி சொன்னார். ஷிம்னா மட்டும் கேசரியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். இது கொஞ்சம் கூடுதலாகச் சரியாக இருக்கிறது, இவ்வளவு குறைந்த துண்டுகளுக்கு இவ்வளவு நல்ல மார்க்ஸ் வரக்கூடாது, என்னவோ ஒன்று இடிக்கிறது, சேர் என்றாள். ஜீவராஜ், தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தொண்ணூற்றெட்டு வந்திருக்கிறது, அதையும் பிடுங்காதே பிள்ளை என்று சொல்லி, அவளுடைய கேசரியையும் சேர்த்துச் சாப்பிட்டான். சத்தியநாராயணன் தன் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். இரண்டு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஷெல்களைக் கைப்பற்றித் திருப்பி அடித்திருக்கிறார்கள், ஆகவே... அதற்குள் பில் வந்துவிட்டது. அவருடைய பிரசங்கங்கள் நீளமானவை. பில் வந்தால் நிறுத்தலாம் என்பது அந்த மேசையின் வழக்கம்.

அந்த வாரமே அவன் கஜீபனின் துண்டை அளந்தான். அக்கா அதை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினாள். தட்டில் இருந்தபடியே, வெள்ளையாக, ஒரு சின்னச் சுண்ணாம்புக்கட்டி போல இருந்தது. ஷிம்னாவுக்கு யாருடையது என்று சொல்லாமல் எண்களை அனுப்பினான். பதில் உடனே வந்தது. ஆமி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தான். ரெயினில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கும் மட்டும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். இருவரையும் ஒன்றாக இருத்தினான். ஆமி, தொண்ணூற்றேழு வீதம் என்றான். வேறெதுவும் சொல்லவேண்டி வரவில்லை.

அக்கா அழுவாள், அல்லது நான் அப்பவே சொன்னனான் என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சாமித்தட்டைப் பார்த்தாள். அத்தான்தான் நெடுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நேரே அவளைப் பார்த்துக் கதைத்தார்.

"மங்களம், நீ சொன்னதுதான் சரி. நான்தான் பிள்ளையைக் கொண்டுபோய் அங்க இருத்தினனான்."

அக்கா எழும்பிக் குசினிக்குள் போனாள். பானையை வைக்கிற சத்தம் கேட்டது. ஜீவராஜ் தான் ஒரு குடும்பத்தின் கடைசிச் சுவரையும் இடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டும் போடாமலும் படியிறங்கினான்.

அடுத்த ஞாயிறு போனபோது அத்தான் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் இருந்து பரிமாறினாள். "இஞ்சருங்கோ, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ" என்று கேட்டாள். அத்தான் தலையை ஆட்டினார். ஜீவராஜ் வாசலிலேயே நின்றான். தபாற்காரனுக்கு வேலை போய்விட்டது என்று ஒரு பகிடி நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினான்.

அன்று பின்னேரம் அக்கா அவனிடம் தனியாகச் சொன்னாள். கோபம் அந்த மனுசன் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானாம். பிள்ளை போனதை யார் திருப்பித் தருவது? ஆனால் ஒருநாளாவது, நான் பிழைவிட்டிட்டன் எண்டு சொல்லியிருந்தால், தான் அன்றைக்கே மடியில் விழுந்து அழுதிருப்பாளாம். இத்தனை வருடமாக அழாமல் வைத்திருந்ததை இந்த ஒரு வாரத்தில் இருவரும் சேர்ந்து அழுது தீர்த்தார்களாம். "நீ படிச்சது வீண்போகேல்லை தம்பி" என்றாள். சின்ன வயதில் இரசாயனவியல் படிக்கிறேன் என்றபோது, சவர்க்காரம் காய்ச்சப் போறியோ என்று கேட்டவள் அவள்.

கட்டுரை அச்சாகியது. அதை வாசித்த நிபுணர் ஒருவர், மொடல் எந்த மூலகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று ஒரு வரைபடமும் போட்டால் நல்லது என்று பிறகு கேட்டிருந்தார். ஷிம்னா ஒரு காலையில் அதை வரைந்து ஜீவராஜின் ஃபோனுக்கு அனுப்பினாள். அவன் குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். இடக்கையால் ஃபோனை எடுத்துப் பார்த்தான்.

இரும்புக்கு ஒரு சிறு கோடு. மங்கனீசு, குரோமியம் இருக்கிற இடமே தெரியவில்லை. உயரமாக நின்றவை மூன்று. கல்சியம். பொட்டாசியம். பொசுபரசு.

உருக்கில் கல்சியத்துக்கு என்ன வேலை என்று அவன் நினைத்தான். மண்ணாக இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டான். வன்னி மண். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். சாணத்தை எரித்த சாம்பலில் என்ன இருக்கும் என்று முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன், அதே சாம்பலை நாற்பது வருடத்துக்கு மேலாக நெற்றியில் தடவிக்கொண்டு திரிகிறவன், கண்ணாடிக்குள் நின்று அவனையே பார்த்தான்.

தன் வீட்டுச் சாமித்தட்டில் இருந்த, திருநீறு படிந்த சின்னப் பித்தளை மணியை எடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கருவியைப் பிடித்தான். பித்தளை என்று எவரும் பார்த்தவுடன் சொல்லக்கூடிய செம்பையும் துத்தநாகத்தையும் பற்றி மொடலுக்கு ஒரு கவலையும் இருக்காது என்று இப்போது அவனுக்குத் தெரியும். எண்களை அனுப்பினான். ஷிம்னா ஃபோனில் கோல் எடுத்தாள். ஆமி, தொண்ணூற்றாறு வீதம், இது எங்கிருந்து எடுத்த துண்டு சேர் என்று கேட்டாள். அவன் சொன்னான்.

ஷிம்னா எண்களை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "அப்ப சேர்ட வீட்டு மணியும் ஆமி அடிச்சது எண்டு சொல்லுது" என்றாள். பிறகு சிரித்தாள், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள், பிறகு அவளும் விளங்கிக்கொண்டாள். மொடல் இரும்பைப் படிக்கவே இல்லை. களஞ்சியத்திலிருந்து வந்த சுத்தமான துண்டென்றால் இயக்கம். சாம்பல் பூசின துண்டென்றால் ஆமி. யார் அடித்தது என்பதை அல்ல, யார் அழுதது என்பதைத்தான் அது அவ்வளவு திறமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தன் வீட்டில் சாமித்தட்டு இல்லை, தனக்கு அது தோன்றவில்லை என்று ஷிம்னா சொன்னாள். ஜீவராஜின் வீட்டில் இருந்தது. அவனுக்கும் தோன்றவில்லை. சத்தியநாராயணனின் வீட்டிலோ சாமிக்கென்று ஒரு தனி அறையே இருந்தது.

மூன்று பேரும் மறுபடி பின்மேசையில் கூடினார்கள். வடை வந்தது, யாரும் தொடவில்லை. எல்லாத் துண்டுகளையும் திருப்பி வாங்கிக் கழுவி அளக்கத் தான் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்ததை ஜீவராஜ் சொன்னான். இரண்டு வீட்டார் மட்டும் சம்மதித்திருந்தார்கள், அவர்களுடைய துண்டுகளை அவன் கழுவி அளந்தும் இருந்தான். சாம்பல் போனதும் மொடல், ஆமியின் துண்டென்று நிச்சயமாகத் தெரிந்த அவற்றையே கூசாமல் இயக்கம் என்று சொன்னது. சத்தியநாராயணன் அன்றைக்குப் பில் வந்து நின்றுபோன பிரசங்கத்தை இப்போது முடித்தார். இரண்டு தரப்பும் மற்றவருடைய ஷெல்லைக் கைப்பற்றி அடித்திருக்கிறார்கள். இரும்பு எங்கே செய்யப்பட்டது என்று கண்டுபிடித்தாலும் யார் அடித்தது என்று அது சொல்லாது. "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்று முடிவாகியது. ஷிம்னாவுக்கு இது முதலாவது பெரிய கட்டுரை. பிழை என்னுடையது, கடிதத்தை நான் எழுதுகிறேன் என்றான் ஜீவராஜ். அவள் விடமாட்டேன், மூன்று பேரும் கையெழுத்து வைப்போம் என்றாள். அந்தச் சனிக்கிழமை கடிதம் போனது. ஞாயிற்றுக்கிழமை அவன் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டான்.

அத்தான் பாண் வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அவன் கூடப் போனான். மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வீதியை நிறைத்துக்கொண்டு வந்தது. அதற்குள்ளால் நடந்தபடியே முழுதையும் சொன்னான். திருநீறு, மணி, வரைபடம், எல்லாம். மணியைச் சொன்னபோது அத்தான் இலேசாகச் சிரித்தார். பேக்கரிக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"அப்ப அது இயக்கத்தின்ர எண்டு சொல்லுறியோ?"

"இல்லை அத்தான். தெரியாது எண்டு சொல்லுறன்."

"எப்பவாவது தெரியவருமோ?"

"வராது."

அத்தான் பாணை வாங்கி, இன்னும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, பையில் வைத்தார். திரும்பி நடக்கத் தொடங்கினார். அக்காவிடம் எப்படிச் சொல்லலாம் என்று ஜீவராஜ்தான் தொடங்கினான். இனி நீங்கள் அந்தப் பழியைச் சுமக்கத் தேவையில்லை என்றான். நிரூபிக்கப்படாத ஒன்றுக்கு நீங்கள் ஏன் என்றான். மேடையில் கதைப்பது போல நல்ல தமிழில் வந்தது, அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"சொல்லாத," என்றார் அத்தான்.

"அத்தான், அது பிழை."

"மெஷின் பிழை. நான் சொன்னது பிழையில்லை. ஷெல் ஆருடையதெண்டாலும் இருப்பம் எண்டு சொன்னது நான்தானே. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரேல்லை. பின்பக்கத்தால வந்தது, பின்பக்கத்தால வந்ததெண்டு சொல்லிச் சொல்லி... உண்மையா எனக்கு எந்தப் பக்கத்தால வந்ததெண்டே தெரியாது ஜீவா. எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை."

படியடியில் அவர் மூச்சு வாங்க நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அவள் என்னை மன்னிச்சிட்டாள். நீ இப்ப போய், நிச்சயமில்லை எண்டு சொன்னால், அவள் திரும்பவும் யோசிக்கத் தொடங்குவாள். பிள்ளையைப் பெத்தவள், எவ்வளவுதான் யோசிப்பாள்? அவளுக்கு ஒரு முடிவு கிடைச்சிருக்கு. அது உன்ர கட்டுரையில இருக்கத் தேவையில்லை. இந்த வீட்டில இருந்தாப் போதும்."

ஜீவராஜ், பிழையான முடிவு என்றான். அத்தான் பாண் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். மேலே ஏறினார்.

வீட்டில் விருந்தாளி வந்திருந்தார். பெரியம்மாவின் மகள், கனடாவிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு சொந்தமாகப் பார்த்துத் திரிகிறவர். அக்கா நல்ல சீலை கட்டியிருந்தாள். கஜீபனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெற்றிலையில் அந்தத் துண்டும் இருந்தது. ஜீவராஜைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இவன்தான் கண்டுபிடிச்சவன். என்ர தம்பி. நீயே சொல்லு தம்பி, எனக்கு அந்தப் பேருகள் வராது."

அத்தான் பாண் பையை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு அவனைப் பார்க்கவில்லை, கதிரையில் இருந்து, கையைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டார். ஜீவராஜ் அக்காவைப் பார்த்தான். அவள் இப்படி ஒருவரை எதிரே இருத்தி மகனைப் பற்றிக் கதைத்து அவன் பார்த்ததில்லை. இவ்வளவு காலமும் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, சொன்னால் அடுத்த வசனம் சண்டையில் போய் முடியும் என்பதால். இப்போது அவள் அவனுக்குப் பல் முளைத்த கதையும் சைக்கிள் பழகிய கதையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அத்தானுக்கு முன்னாலேயே.

அவன் இருந்தான். சொல்லத் தொடங்கினான். இரும்புக்குள் மங்கனீசு இருக்கும் என்றான். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வித்தியாசம் என்றான். ஒரு கருவி இருக்கிறது, துப்பாக்கி மாதிரி என்றான், விருந்தாளி அதற்குச் சிரித்தார். கொம்பியூட்டர் படித்துப் பழகும் என்றான். முந்தின நாள் அவன் கையெழுத்து வைத்து இல்லையென்று ஆக்கிய ஒவ்வொரு வசனத்தையும், இங்கே, ஒழுங்காக, வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னான். வகுப்பில் பிள்ளைகள் இவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை.

"அப்ப நிச்சயமோ தம்பி?" என்றார் விருந்தாளி.

"ஓம்," என்றான் ஜீவராஜ்.

"தொண்ணூற்றேழு வீதம்," என்றார் அத்தான். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா தலையை ஆட்டி, படத்தின் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

விருந்தாளி கனடாவில் கணக்கு வேலை செய்கிறவர். எண் என்றால் விட மனமில்லாதவர். மிச்சம் மூன்று வீதமும் என்னவாம் என்று கேட்டார்.

ஒருவரும் அதை அதற்கு முன் கேட்டதில்லை. அத்தான் நிமிர்ந்தார். அக்காவும், துடைப்பதை நிறுத்தி, தம்பியின் வாயைப் பார்த்தாள்.

"அது ஒண்டுமில்லை அக்கா," என்றான் ஜீவராஜ் விருந்தாளியிடம். "எந்த ஆராய்ச்சியிலயும் அப்பிடி ஒரு கொஞ்சம் விட்டுத்தான் எழுதுவம்."

அவர் திருப்திப்பட்டார். அக்கா படத்தை அவர் கையில் கொடுத்து, இந்தப் படம் எடுத்த அன்றைக்குத்தான் அவனுக்குப் புதுச் சேர்ட் வாங்கியது, கொலர் இறுக்குது என்று முழுநாளும் அனுங்கினவன் என்று சொன்னாள். எந்தக் கடையில் வாங்கியது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அத்தான் சொன்னார். இல்லை, அது மற்றக் கடை, தெருவுக்கு இந்தப் பக்கம் என்றாள் அவள். அத்தான் யோசித்து, ஓம், இந்தப் பக்கம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

ஜீவராஜ் எழும்பிக் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவினான். உள்ளே இருவரும் மாறி மாறி மகனைப் பற்றிச் சொல்வது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. வெகுநேரம் கழுவினான்.